பால் பத்தலைன்னு எப்படி முடிவு பண்றது? அழுகையை வைத்தா, டயப்பரை வைத்தா?

பிரசவம் முடிந்த இரண்டாவது நாள் ராத்திரி. குழந்தை ஓயாமல் அழுகிறது. மார்பில் வைத்தால் ஐந்து நிமிஷம் சப்புகிறது, அப்படியே தூங்கிவிடுகிறது. கீழே படுக்க வைத்ததும் மறுபடியும் வீல் என்று கத்தல். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "புள்ளைக்கு வயிறு நிறையல. உனக்குப் பால் பத்தலைம்மா. ஒரு டின் பவுடர் பால் வாங்கிட்டு வரச் சொல்லு."

இந்த வசனத்தைக் கேட்காத பிரசவ வார்டு அநேகமாக இருக்காது. சொல்பவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால், உண்மையிலேயே பால் பத்தலையா, இல்லை பத்தலைன்னு தோணுதா? இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் அந்தக் குழந்தையின் அடுத்த ஆறு மாத உணவையே மாற்றிவிடலாம். அதைக் கண்டுபிடிப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குப் பிறகு திட உணவோடு சேர்த்து இரண்டு வயது வரையிலும், அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். இதுதான் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை.

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் சுமார் 60 சதவீதம்தான். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 சதவீதம். தேசிய சராசரி சுமார் 64 சதவீதம்.

அதாவது, மருத்துவமனைப் பிரசவத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருக்கும் மாநிலம், தாய்ப்பால் மட்டுமே கொடுப்பதில் தேசிய சராசரிக்குக் கீழே இருக்கிறது.

இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது சிசேரியன். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதம் பிரசவங்கள் சிசேரியன். அறுவை சிகிச்சை முடிந்த வலி, மயக்க மருந்தின் அசதி, தாயும் குழந்தையும் கொஞ்ச நேரம் தனித்தனியாக இருப்பது என்று எல்லாம் சேர்ந்து முதல் பாலைத் தள்ளிப்போடுகிறது. அந்த இடைவெளியில்தான் பவுடர் பால் உள்ளே வருகிறது.

முதல் இரண்டு நாளில் பால் வராதா?

வரும். ஆனால் நாம் எதிர்பார்க்கிற மாதிரி வெள்ளையாக, வழிய வழிய வராது.

முதலில் வருவது சீம்பால். மஞ்சள் நிறத்தில், பிசுபிசுப்பாக, சொட்டுச் சொட்டாக வரும். இதைப் பார்த்துத்தான் "பாலே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்திருக்கும் இந்தச் சீம்பாலை "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கீழே விடும் பழக்கமும் சில வீடுகளில் இருந்தது.

முதல் 24 மணி நேரத்தில் ஒரு குழந்தை ஒரு தடவைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி வரைதான். ஒன்றிரண்டு டீஸ்பூன், அவ்வளவே. இரண்டாவது நாளில் 5 முதல் 15 மில்லி. மூன்றாவது நாளில் 15 முதல் 30 மில்லி. சீம்பாலின் அளவும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் ஏறுகிறது. பெரும்பாலான தாய்மார்களுக்கு மூன்று, நான்கு நாட்களில் மார்பு கனத்து, பால் நன்றாக ஊறத் தொடங்கும். சிசேரியன், முதல் பிரசவம், சர்க்கரை நோய் போன்ற சூழல்களில் ஒன்றிரண்டு நாள் கூடுதலாக ஆகலாம்.

பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் எடை குறைவதும் இயல்புதான். 3 கிலோவில் பிறந்த குழந்தை 200 கிராம் வரை குறைந்தால் பதற வேண்டியதில்லை. பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிடும். எடை இழப்பு 10 சதவீதத்தை நெருங்கினால் கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும்.

பால் எப்படி ஊறுகிறது?

குழந்தை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஒன்று புரோலாக்டின். இது பாலை உற்பத்தி செய்யச் சொல்கிறது. இன்னொன்று ஆக்ஸிடோசின். இது ஊறிய பாலை வெளியே தள்ளுகிறது. புரோலாக்டின் ராத்திரியில் அதிகமாகச் சுரக்கும். அதனால்தான் "ராத்திரி கொடுக்கிற பாலை நிறுத்தாதீங்க" என்று நர்ஸ்கள் சொல்கிறார்கள். வலி, பயம், பதற்றம் இருந்தால் ஆக்ஸிடோசின் கொஞ்ச நேரம் தடைபடும். பால் உள்ளே இருந்தும் வராத மாதிரி இருக்கும்.

இதோடு மார்பகத்துக்கு என்று தனிக் கணக்கும் உண்டு. பால் காலியாகக் காலியாகத்தான் புதிதாக ஊறும். வெளியேறாமல் தேங்கி நின்றால் "இது போதும்" என்று உற்பத்தி குறைந்துவிடும். கிணற்றில் இறைக்க இறைக்கத்தான் ஊற்று ஊறும் என்பார்களே, அதே கதைதான்.

ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் என்ன ஆகிவிடப் போகிறது?

ஒரே ஒரு வேளையால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அது பெரும்பாலும் ஒரு வேளையோடு நிற்பதில்லை. அங்கேதான் சிக்கல்.

குழந்தை 30 மில்லி, 60 மில்லி பவுடர் பால் குடித்துவிட்டு மூன்று மணி நேரம் அசையாமல் தூங்குகிறது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. "பார்த்தியா, வயிறு நிறைஞ்சதும் எப்படித் தூங்குது!" ஆனால் அந்த மூன்று மணி நேரமும் குழந்தை மார்பில் சப்பவில்லை. பால் வெளியேறவில்லை. "இங்கே தேவை குறைந்துவிட்டது" என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. அடுத்த நாள் பால் கொஞ்சம் குறைகிறது. குழந்தை அழுகிறது. மறுபடியும் டின் திறக்கப்படுகிறது.

பாட்டிலில் பால் சுலபமாக வந்துவிடும். மார்பில் குழந்தை தாடையை அசைத்து உழைத்துக் குடிக்க வேண்டும். பாட்டிலுக்குப் பழகிய சில குழந்தைகள் மார்பில் வைத்தாலே முறுக்கிக்கொண்டு அழும். "பாரு, அம்மா பாலே பிடிக்கல" என்று அதற்கும் ஒரு பட்டம்.

இப்படி இரண்டு மூன்று வாரம் போனால், முதல் நாளில் இல்லாத பற்றாக்குறை மூன்றாவது வாரத்தில் நிஜமாகவே வந்துவிடும். பால் பத்தலைன்னு டின் வந்தது போய், டின் வந்ததால் பால் பத்தாமல் போகிறது.

அப்படியென்றால் குழந்தை ஏன் அழுகிறது?

பசி மட்டுமே காரணம் இல்லை. ஈரம், வெக்கை, வாயு, தூக்கம், அம்மாவின் கதகதப்பு வேண்டும் என்ற ஏக்கம் என்று எல்லாவற்றுக்கும் அதற்குத் தெரிந்த ஒரே மொழி அழுகை. சாயங்காலத்தில் அரை மணிக்கு ஒரு தடவை பால் கேட்பதும் பல குழந்தைகளிடம் பார்க்கிற இயல்பான பழக்கம். சில நாட்களில் திடீரென்று அதிகமாகக் குடிக்கும். அதன் மூலம் அடுத்த கட்ட வளர்ச்சிக்கான பாலுக்கு உடம்பிடம் ஆர்டர் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2023-ல் லான்செட் மருத்துவ இதழ் தாய்ப்பால் பற்றி ஒரு கட்டுரைத் தொடரை வெளியிட்டது. உலகம் முழுக்கத் தாய்மார்கள் ஃபார்முலாவுக்கு மாறவும், தாய்ப்பாலை நிறுத்தவும் சொல்லும் முக்கியமான காரணங்களில் ஒன்று "பால் பத்தலை" என்பதுதான் என்கிறது அது. குழந்தையின் இயல்பான அழுகையையும், விட்டு விட்டுத் தூங்குவதையும் பால் பற்றாக்குறை என்று பெற்றோர் மட்டுமல்ல, மருத்துவப் பணியாளர்களும் தவறாக எடுத்துக்கொள்வதையும் சுட்டிக்காட்டியது.

இவை எதுவும் பால் குறைந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் அல்ல:

- சில வாரங்களுக்குப் பிறகு மார்பு கனக்காமல் மெத்தென்று இருப்பது. தேவைக்கு ஏற்ப உற்பத்தி சீராகிவிட்டது என்று அர்த்தம்.
- பம்ப் வைத்து எடுத்தால் கொஞ்சம்தான் வருகிறது என்பது. குழந்தை குடிப்பது போல பம்ப்பால் எடுக்க முடியாது.
- மார்பு சிறியதாக இருப்பது. பால் சுரப்பிகளுக்கும் வெளித் தோற்றத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.
- பால் குடித்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் கேட்பது.

பால் போதுகிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

உள்ளே எவ்வளவு போகிறது என்று பார்க்க முடியாது. வெளியே வருவதை எண்ண முடியும்.

சிறுநீர்: முதல் நாள் ஒரு தடவை, இரண்டாவது நாள் இரண்டு தடவை என்று கூடிக்கொண்டே போக வேண்டும். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது ஆறு தடவை வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

மலம்: முதலில் கறுப்பாக, தார் போல இருக்கும். நான்கைந்து நாட்களில் மஞ்சளாக மாற வேண்டும்.

எடை: முதல் சில மாதங்களில் மாதத்துக்கு அரை கிலோவாவது கூட வேண்டும். தமிழ்நாட்டில் புதன்கிழமைகளில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடப் போகும்போதே எடையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

குடிக்கும் விதம்: ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்க வேண்டும். வாய் நன்றாகத் திறந்து, காம்பை மட்டும் இல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும் பகுதியும் வாய்க்குள் இருக்க வேண்டும். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். முழுங்கும் சத்தம் கேட்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். காம்பை மட்டும் சப்பினால் பாலும் சரியாக வராது, காம்பு வெடித்து ரத்தம் வரும் அளவுக்கு வலிக்கும். "பால் பத்தலை" என்று வரும் பலருக்கு, குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றினாலே பிரச்னை பாதி தீர்ந்துவிடும். அதனால் டின் வாங்கச் சொல்வதற்கு முன் ஒரு தடவை நர்ஸைக் கூப்பிட்டு, "நான் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்க சிஸ்டர்" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

நிஜமாகவே பால் பத்தாமல் போகுமா?

போகும். இதை மறைத்துப் பேசுவதும் தவறுதான்.

பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளேயே தங்குவது, தைராய்டு குறைபாடு, மார்பகத்தில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசுக்கள் போதிய அளவு வளராமல் இருப்பது ஆகியவற்றால் சிலருக்குப் பால் குறையும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளும், சில சளி மருந்துகளும்கூடக் குறைக்கலாம். குறைமாதக் குழந்தை, அன்னப்பிளவு உள்ள குழந்தை, நாக்கு ஒட்டியிருக்கும் குழந்தை ஆகியோருக்குச் சப்பும் திறன் குறைவாக இருக்கும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்:

- ஐந்தாவது நாளுக்குப் பிறகும் சிறுநீர் குறைவாக, அடர்ந்த நிறத்தில் போவது
- எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பது, பால் குடிக்க மறுப்பது
- வாய் வறண்டு, உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருப்பது
- காய்ச்சல், அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது
- மஞ்சள் காமாலை அதிகமாவது

பால் போதாத பச்சைக் குழந்தைக்கு நீர்ச்சத்து குறைந்து, ரத்தத்தில் உப்பின் அளவு ஏறி, உயிருக்கே ஆபத்தாகலாம். "நல்லாத் தூங்குறான், தொந்தரவே இல்லை" என்று நினைக்கும் குழந்தைதான் சில நேரம் பசியில் சோர்ந்து கிடக்கும். அழுகையைவிட இந்த அமைதிதான் ஆபத்தான அறிகுறி.

இப்படிப்பட்ட நேரத்தில் டாக்டர் சொல்லி ஃபார்முலா கொடுப்பது தோல்வியும் இல்லை, பாவமும் இல்லை. அது மருந்து மாதிரி. அளவோடு, தேவைப்படும் நாள் வரை. கூடவே மார்பில் சப்ப வைப்பதையும், பாலைப் பீய்ச்சி எடுப்பதையும் தொடர்ந்தால் பலருக்கு ஃபார்முலாவைப் படிப்படியாகக் குறைக்க முடிகிறது.

குறைமாதக் குழந்தைகளுக்குத் தாய்ப்பால் வங்கியிலிருந்தும் பால் கிடைக்கலாம். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி இருக்கிறது.

ஃபார்முலா கொடுப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

டின்னில் எழுதியிருக்கும் அளவை மாற்றாதீர்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தைக்குச் சத்து கிடைக்காது. கெட்டியாகக் கலந்தால் நீர்ச்சத்து குறையும், மலச்சிக்கல் வரும்.

பவுடர் கிருமி இல்லாத பொருள் அல்ல. அதனால் கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும்போதே கலந்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பாட்டிலைச் சுத்தமாக வைத்திருப்பது கஷ்டம். கழுவிக் கொதிக்க வைத்த பாலாடை அல்லது சங்கு நல்லது.

ஒரு வயதுக்குள் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம். அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சேனை வைப்பது என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் நாக்கில் தடவும் வழக்கமும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு நரம்புகளைப் பாதிக்கும் நோயைக் கொண்டுவரலாம். வெயில் காலம் என்று தண்ணீர் கொடுக்கவும் தேவையில்லை. தாய்ப்பாலில் கிட்டத்தட்ட 88 சதவீதம் தண்ணீர்தான்.

அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது?

குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைக் குறைக்கிறது. ஒரு பெண் மொத்தமாகப் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் அபாயம் சுமார் 4.3 சதவீதம் குறைவதாக 2002-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. தாய்ப்பால் கொடுப்பது உலகம் முழுக்கப் பரவலானால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் உயிரிழப்பையும், மார்பகப் புற்றுநோயால் இறக்கும் 20,000 பெண்களின் உயிரிழப்பையும் தடுக்கலாம் என்பது 2016-ல் லான்செட் வெளியிட்ட மதிப்பீடு.

ஆனால் பாலூட்டும் உடம்புக்குத் தினமும் சுமார் 500 முதல் 600 கலோரி கூடுதலாக வேண்டும். நம் ஊரில் நடப்பது என்ன? "பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்காதே", "கீரை வேண்டாம், பழம் வேண்டாம்" என்று பத்தியத்தில் பாதி சாப்பாட்டை நிறுத்திவிடுகிறோம். பூண்டும், பால்சுறா புட்டும் தாராளமாகக் கொடுங்கள், அது நல்ல சாப்பாடுதான். ஆனால் பாலை ஊற வைப்பது குழந்தை சப்புவதுதான். கூடவே தாகத்துக்குத் தண்ணீரும், வயிறாரச் சாப்பாடும், கொஞ்சம் தூக்கமும் வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. நாள் முழுக்க "பத்தலை, பத்தலை" என்று கேட்கும் பெண், தன் உடம்பு தோற்றுவிட்டதாகவே நம்பத் தொடங்குகிறாள். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாத அழுகை, எதிலும் ஒட்டாத மனநிலை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போவது இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. அதைத் "திமிர்" என்று சொல்லாதீர்கள்.

டின் கம்பெனிகள் விளம்பரம் செய்யலாமா?

இந்தியாவில் கூடாது. 1970-களில் ஏழை நாடுகளில் ஃபார்முலா விற்கப்பட்ட விதத்துக்கு உலக அளவில் எதிர்ப்பு கிளம்பியது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981-ல் உலக சுகாதார சபை, தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992-ல் அதைச் சட்டமாகவே கொண்டுவந்து, 2003-ல் இன்னும் கடுமையாக்கியது.

இந்தச் சட்டப்படி இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், குழந்தை உணவு, பாட்டில் ஆகியவற்றுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது. டின்னில் குழந்தை படமோ தாயின் படமோ போடக் கூடாது. சுகாதாரப் பணியாளர்களுக்குக் கமிஷன், பரிசு கொடுக்கக் கூடாது. உங்கள் கையில் யாராவது இலவச டின் கொடுத்தால், அது சட்டத்துக்குப் புறம்பானது என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

வேலைக்குப் போக வேண்டுமே?

2017-ல் திருத்தப்பட்ட பேறுகால உதவிச் சட்டம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். ஆனால் கட்டட வேலை, வயல் வேலை, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு இப்படிச் சம்பளத்தோடு விடுப்பு கிடைப்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் போன்ற உதவிகள்தான் கொஞ்சம் கைகொடுக்கின்றன. பால் இருந்தும் கொடுக்க நேரமில்லாத தாயிடம் "தாய்ப்பால்தான் சிறந்தது" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

வேலைக்குப் போகிறவர்கள் பாலைப் பீய்ச்சிச் சுத்தமான பாத்திரத்தில் மூடி வைக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம், கடும் வெயிலில் அதைவிடக் குறைவு. ஃப்ரிட்ஜில் ஒரு நாள் வரை. அடுப்பில் நேரடியாகச் சூடாக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் குளிர் போக்கிக் கொடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். 104 சுகாதார உதவி எண்ணையும் அழைக்கலாம். அழைப்பதற்கு முன் முந்தைய 24 மணி நேரத்தில் குழந்தை எத்தனை தடவை சிறுநீர் போனது, எத்தனை தடவை பால் குடித்தது, கடைசியாகப் பார்த்த எடை எவ்வளவு என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பால் பத்துதா, பத்தலையா என்பதை அவர்கள் இந்த மூன்றை வைத்துத்தான் பார்ப்பார்கள்.